எரிந்த வீட்டுக்கு இழப்பீடு, மனக்காயத்துக்கு?

2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டத்தின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. இளவரசன் என்ற தலித் இளைஞரின் சாதி மறுப்புத் திருமணத்தை முன்வைத்து 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் ரயில் தண்டவாளத்தின் அருகே பிணமாகக் கிடந்தார். எரிந்த வீட்டைக் கணக்கெடுக்க வருவாய்த் துறைக்குத் தெரியும். அந்தத் தீயைக் கண்ட குழந்தையின் அச்சத்தைக் கணக்கெடுப்பவர் யார்?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, புலனாய்வு தொடங்கி வழக்கு விசாரணை வரை பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் சமூக, பொருளாதார மறுவாழ்வு வழங்கச் சொல்கிறது. நடைமுறையில் அது இழப்பீட்டுத் தொகையோடு நின்றுவிடுகிறது. வழக்குகளோ ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. இதே மாவட்டத்தின் வாச்சாத்தியில் 1992 ஜூனில் நடந்த கொடுமைக்கு 2011இல்தான் தீர்ப்பு வந்தது. 2023 செப்டம்பரில்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை காலமும் அந்தப் பழங்குடிப் பெண்கள் உறுதி குலையாமல் நின்றதற்கு, உடன் நின்ற அமைப்புகளும் ஒரு காரணம். சாட்சியின் மனம் உடைந்தால் வழக்கும் உடையும். எனவே மனநல ஆலோசனையை நீதிக்கான போராட்டத்தின் ஒரு பகுதியாகவே நாம் பார்க்க வேண்டும்.

ஆனால் அது எங்கே கிடைக்கிறது? தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கின்றன. 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், 104 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். இருந்தும் சித்தேரி மலையிலிருந்து தர்மபுரிக்கு வந்து திரும்புவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். ‘பைத்தியம்’ என்ற முத்திரையின் அச்சம் வேறு. ஆகவே மக்கள் முதலில் தேடிப் போவது பெண்கள் சங்கத்தையும், தொண்டு நிறுவனத்தையும், தேவாலயத்தைச் சேர்ந்த அருட்சகோதரிகளையும்தான். அதில் தவறில்லை. தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்களின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டோரின் உரிமை என 15ஏ பிரிவின் 12ஆம் உட்பிரிவே கூறுகிறது.

எனினும் மூன்று எச்சரிக்கைகள் தேவை.

ஒன்று, நம் ஊர்களில் ‘கவுன்சிலிங்’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. சாதி மறுத்து மணந்த பெண்ணைப் பெற்றோருடன் அனுப்பிவைப்பதும், புகார் கொடுத்தவரைச் சமரசத்துக்கு இணங்க வைப்பதும் அந்தப் பெயரிலேயே நடக்கின்றன. அது கட்டப் பஞ்சாயத்து. வழக்கைத் திரும்பப் பெறச் சொல்பவர் ஆலோசகர் ஆகமாட்டார்.

இரண்டு, ஆலோசனைக்கு வழிபாடு நிபந்தனையாகக் கூடாது. மதத்தை நம்பிச் சிகிச்சையைக் கைவிட்டதன் விலையை 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் கண்டோம். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. மருத்துவ விவரங்களின் இரகசியத்தையும் உரிமையாக்கியிருக்கிறது.

மூன்று, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவரானவரைப் பட்டியல் சாதியினராக ஏற்பதில்லை. தேவாலயத்தில் ஆலோசனை பெற்றால் ‘நீ கிறித்தவர்’ என்று எதிர்த்தரப்பு வாதிடுமோ என அஞ்சுவோர் உண்டு. மருத்துவர் ஒருவரின் மருத்துவமனையில் சிலுவை தொங்கியதைக் காட்டி அவரது சாதிச் சான்றிதழ் ரத்து செய்யப்பட்டதை, 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. தேவாலயத்துக்குச் செல்வதாலேயே ஒருவர் மதம் மாறியவராகிவிடுவதில்லை. இதை நம் மக்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அருட்சகோதரிகளும் சங்கங்களும் துணை நிற்பதால் அரசின் கடமை தீர்ந்துவிடாது. மனநலச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, கட்டுப்படியாகும் செலவில், எளிதில் சென்றடையும் தொலைவில், சாதிப் பாகுபாடின்றி மனநலச் சேவை பெறும் உரிமையைத் தருகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு நிறுவனங்களில் அது இலவசம். குறைந்தபட்சச் சேவைகள்கூட மாவட்டத்தில் இல்லையெனில், அங்குள்ள வேறு மனநல நிறுவனத்தில் பெறும் சிகிச்சைக்கான செலவை அரசே ஏற்க வேண்டும். இவ்வுரிமைகளை நிலைநாட்ட இலவசச் சட்ட உதவி பெற 27ஆவது பிரிவு வழி செய்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம்.

வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மையறியும் குழுவாகச் செல்லும் தோழர்களும் மாணவர்களும் இனி இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: இவர்கள் இரவில் உறங்குகிறார்களா? இவர்களிடம் பேச யாராவது வந்தார்களா? கிடைக்கும் விடையை மாவட்ட ஆட்சியரிடம் அளிக்கும் மனுவில் தனிக் கோரிக்கையாக எழுதுங்கள். எழுதிக் கேட்காத உரிமையை எந்த அலுவலகமும் தேடி வந்து தந்ததில்லை.