மான் வத்தல் கேட்கும் நண்பர்களுக்கு

போன கார்த்திகையில், கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். மான் வேட்டைக்கென்று வாங்கின புது போல்ட் அக்ஷன் ரைபிளைச் சுட்டுப் பார்க்கிறார். கைபிடியை நிமிர்த்திப் பின்னுக்கு இழுக்க வெறுங்கோது துள்ளி விழுகிறது. முன்னுக்குத் தள்ள அடுத்த ரவை ஏறுகிறது. பார்க்க வடிவாத்தான் இருந்தது. குடும்ப வட்ஸ்அப் குழு முழுக்கக் கைதட்டல். அதைப் பார்த்த ஊர்ப் பெடியன் ஒருவன் அடுத்த கிழமையே இடியன் துவக்கைத் தோளில் சாத்திக்கொண்டு ஸ்டேட்டஸ் போட்டான்: "நாங்களும் வேட்டைக்காரர்தான்."

இல்லையடா தம்பி. ரெண்டும் ஒண்டில்லை.

ஒன்ராறியோவில் துவக்கு வைத்திருக்க ஒரு அனுமதிப்பத்திரம் வேணும். வேட்டைக்குப் போகப் பயிற்சி முடித்து வேறொன்று எடுக்கவேணும். சுடுகிற மானுக்கு டாக் வேணும். அதுக்கென்று ஒரு பருவமும் இருக்கு. அந்தத் துவக்குப் பருவத்தில் வேட்டைக்காரர் செம்மஞ்சள் உடுப்புப் போடவேணும், மரங்களுக்குள் அசைவது மனிசன் என்று மற்றவனுக்குத் தெரிவதுக்காக. அங்கேயும் மான் சாகத்தான் செய்கிறது. ஆனால் காட்டுக்குள் இன்னொரு ஆள் நிற்கக்கூடும் என்ற நினைப்பு அந்தச் சட்டத்துக்கு இருக்கு.

எங்கட காட்டில் அந்த நினைப்பு ஆருக்கு இருக்கு? இடியனுக்கு வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தைப் போட்டு இடித்து, ஈயத்துண்டுகளை நிரப்பி, ஒரே ஒரு வெடி. அதையாவது ஒரு ஆள் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கட்டுத்துவக்குக்கு ஆளே தேவையில்லை. மிருகம் வரும் தடத்துக்குக் குறுக்கே நூலைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். மானின் நெஞ்சுக்கு வைத்த குழாய் மனிசனின் தொடைக்கும் முழங்காலுக்கும் நேராக நிற்கும். நூலுக்கு மானும் ஒன்றுதான், மாடு தேடிப் போனவரும் ஒன்றுதான், பாலைப்பழம் பொறுக்கப் போன பிள்ளையும் ஒன்றுதான். எங்கட ஊரில் விறகுக்குப் போன ஒரு அண்ணை இப்ப ஊன்றுகோலோடு கடை வாசலில் இருக்கிறார். செல்லடிக்குத் தப்பின கால், மானுக்குக் கட்டின வெடியில் போனது.

"வேட்டை வன்னியின்ர பாரம்பரியம்" என்று உடனே ஒரு குரல் வரும். என் அப்பப்பா காலத்தில் ஒரு மான் விழுந்தால் அயலட்டை முழுக்கப் பங்கு போகுமாம். இப்ப பங்கு இல்லை, விலைதான். "பயிரைக் காக்கத்தான் கட்டினது" என்று இன்னொரு குரல். பன்றி ஒரே இரவில் வயலை உழுதுவிட்டுப் போனதை நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் நியாயம். வேலியும் நட்டஈடும் கேட்டுச் சேர்ந்து நிற்போம். ஆனால் வயலுக்கு வெகுதூரத்தில், தண்ணிக்கு மான் இறங்கும் குளக்கரையில் கட்டின துவக்கு எந்த நெல்லைக் காக்குது?

1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்குத்தான். மானைக் கொல்வதும் அதன் இறைச்சியை விற்பதும் குற்றம். ஆனால் பிடிபடுவது ஆர்? கூலி வேலை கிடைக்காத நாளில் காட்டுக்குப் போனவர். ஏ9 வீதியால் அந்தப் பொதி போய்ச் சேரும் விருந்துகளை ஒருவரும் தேடுவதில்லை.

அந்த விருந்துகளில் எங்கட கம்பஸ் அறையும் ஒன்று. வெள்ளிக்கிழமை நான் ஊருக்கு வெளிக்கிடும்போதெல்லாம் கேட்பது இதுதான்: "மச்சான், வன்னிக்காரன்தானே, வரேக்க மான் வத்தல் கொண்டு வா." பகிடி இல்லை, காசும் நீட்டுவீர்கள். இரண்டு தரம் நானும் கொண்டு வந்தேன். மூன்றாம் தரம் பையோடு அந்த அண்ணையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகவேண்டியிருந்தது. "படிப்பு எப்பிடித் தம்பி?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

கட்டுத்துவக்குக்கு ஆள் தேவையில்லை என்று மேலே எழுதினேன். அது பிழை. வத்தலுக்குக் காசு நீட்டும் ஆள் வேணும். அந்த ஆள் இல்லாமல் ஒருவரும் காட்டில் நூல் கட்டப் போவதில்லை.

ஆகவே இனி என்னட்டக் கேக்காதேங்கோ. வாற பாலைப்பழக் காலத்தில் பாலைப்பழம் கேளுங்கோ, பை நிறையக் கொண்டு வாறன். அதைப் பொறுக்கப் போறவை ரெண்டு காலோடயும் திரும்பி வரவேணும், அவ்வளவுதான்.