ஆதரவுக் கடிதம் கொடுப்பதற்கு முன்பு ஆற்றைப் பற்றிக் கேட்போம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிச்சிட்டு உங்க கருத்தைச் சொல்லுங்க.

நம்ம ஆலயத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிற பழைய ரப்பர் மலையை வெட்டி, தெரஸ் போட்டு டுரியான் நடப் போறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நில உரிமையாளர் தரப்பு நிர்வாகத்திடம் ஆதரவுக் கடிதம் கேட்டிருக்காங்க. அன்னதான மண்டபத்துக்குப் புதுக் கூரை போட்டுத் தர்றதாவும் சொல்லியிருக்காங்க. வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் "உடனே கொடுத்திடலாம்" என்கிறார்கள். சிலர் "கொடுக்கவே கூடாது" என்கிறார்கள். என் கருத்து இந்த ரெண்டும் இல்லை. அந்த மலையை வெட்டினா ஆற்றுக்கு என்ன ஆகும்னு யாராவது ஆய்வு செய்திருக்காங்களா? முதலில் அதைக் கேட்போம். பார்த்த பிறகு கையெழுத்து போடுவோம்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் புது மெஷின் வந்தால், சுவிட்ச் போடுறதுக்கு முன்னாடி உட்கார்ந்து ஹிராக் எழுதணும். என்ன ஆபத்து, யாருக்கு, எப்படித் தடுப்பதுன்னு ஒவ்வொன்றா எழுதணும். 2024 ஜூன் முதல் இது சட்டப்படியே முதலாளியின் கடமை. காகிதத்தில் இருக்கும்போது மெஷினை ரெண்டு அடி தள்ளி வரைய ஒரு அழிரப்பர் போதும். சிமெண்ட் போட்டு இறுக்கின பிறகு தள்ளணும்னா எவ்வளவு செலவு, எத்தனை நாள் வேலை நிற்கும்னு தொழிற்சாலையில் இருக்கிறவங்களுக்குத் தெரியும். மெஷினையாவது கழற்றலாம். வெட்டின மலையைத் திரும்ப ஒட்ட முடியாது.

நிலத்துக்கும் இப்படி ஒரு முறை நம்ம நாட்டில் இருக்கு. 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், சில வகைத் திட்டங்களுக்கு இ.ஐ.ஏ. என்ற சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயம். எந்தெந்தத் திட்டம் என்று 2015 ஆணையில் பட்டியல் இருக்கு. ஆனா அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். காட்டை அழித்து விவசாயம் செய்வதாக இருந்தால் 20 ஹெக்டர், ஏறக்குறைய 50 ஏக்கரிலேயே கட்டாயம் ஆகிவிடும். ஏற்கெனவே தோட்டமா இருக்கிற நிலத்தில் வேறு பயிருக்கு மாறுவதாக இருந்தால் 500 ஹெக்டர் வந்தால்தான். அது 1,200 ஏக்கருக்கு மேல்! நம்ம எதிர்க்கரை மலை அவ்வளவு பெரிசு இல்லை. அதனால "எங்களுக்கு இ.ஐ.ஏ. தேவையில்லை"னு அவங்க சொன்னால் அது பொய்யா இருக்காது. ஆனா சரிவு 25 டிகிரியைத் தாண்டினால் கதை வேற. சரிவு நிலத்துக்குத் தனி விதி இருக்கு. அந்த மலையின் சரிவை யார் அளந்தது?

சட்டம் கேட்கலைன்னா ஆபத்து இல்லைன்னு அர்த்தம் இல்லை. மரத்தை வெட்டினதும் மண் வெறுமையா கிடக்கும். நம்ம ஊர் மழை அதை ஒரே மத்தியானத்தில் ஆற்றில் கொண்டுபோய் விட்டுடும். தண்ணி மைலோ நிறமாகும். வண்டல் படிஞ்சு ஆற்றின் அடித்தளம் மேலே வரும். முன்பு கரைக்குள்ளே ஓடின மழைத்தண்ணி அப்புறம் கரையைத் தாண்டும்.

கேமரன் மலையில் பெர்த்தாம் வேலியை மறந்திருக்க மாட்டீங்க. 2013 அக்டோபரில் நள்ளிரவுக்குப் பிறகு அணையிலிருந்து தண்ணி திறந்துவிட, கீழே இருந்த வீடுகளும் வாகனங்களும் அடிச்சிட்டுப் போச்சு, உயிர்களும் போச்சு. அன்றைக்குப் பெய்த மழை மட்டும் காரணம் இல்லை. மேலே நிலத்தைத் திருத்தினதால் வருஷக்கணக்கா மண் இறங்கி, அணையில் தண்ணி தேங்கும் இடத்தை அடைச்சிருந்தது.

"இது சின்ன ஆறுதானே"ன்னு சொல்றவங்களுக்கு: 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கலந்த கழிவு, கடைசியில் சிலாங்கூர் ஆற்றுக்குப் போய், கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணி நின்றது. சுங்கை கோங்கும் சின்ன ஆறுதான்.

கடிதம் கொடுப்பதற்கு முன்பு நிர்வாகம் இந்த நான்கையும் எழுத்து மூலமாகக் கேட்கணும் என்பது என் பணிவான கருத்து:

1. மலையின் சரிவு அளவு என்ன? 25 டிகிரிக்கு மேல் எவ்வளவு பகுதி?

2. ஆற்றோரமா எவ்வளவு நிலத்தைத் தொடாமல் விடுவாங்க? ஜேபிஎஸ்னு நாம சொல்ற வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டியில் 5 முதல் 10 மீட்டர் அகல ஆற்றுக்கு இரு கரையிலும் 10 மீட்டர். நம்ம ஆறு அந்த அளவுதான். அந்த ஒதுக்கு நிலம் கெஸட் ஆகியிருக்கான்னு நில அலுவலகத்திலும் கேட்கணும்.

3. மண் அரிப்பைத் தடுக்க என்ன திட்டம்? வண்டல் தேக்கும் குளம் எங்கே? மண்ணை மூடுற கொடிப் பயிர் எப்போ? முழு மலையையும் ஒரே தடவையில் மொட்டை அடிக்காமல் பகுதி பகுதியா வெட்டுவாங்களா?

4. உரமும் பூச்சி மருந்தும் ஆற்றில் இறங்காமல் இருக்க என்ன ஏற்பாடு? புகார் வந்தால் பதில் சொல்றது யார்?

"கேள்வி கேட்டால் கோபப்படுவாங்க. கோயில் இருக்கிற நிலமே அவங்களோடது. நாளைக்கு எடுத்துக்கோன்னு சொன்னா?" இந்தப் பயம் நியாயம். பட்டா இல்லாத தோட்டத்துக் கோயில்களின் நிலைமை நமக்குத் தெரியாததா? அதனால்தான் எதிர்ப்புக் கடிதம் வேண்டாம்னு சொல்றேன். நாலு கேள்வியை மரியாதையா கேட்பது எதிர்ப்பு ஆகாது. ஆனா கண்ணை மூடிட்டு ஆதரவு கொடுத்தா, நாளைக்கு மண் இறங்கும்போது "கோயில்காரங்களே சம்மதிச்சாங்க"ன்னு நம்ம கடிதத்தைத்தான் காட்டுவாங்க. வெள்ளம் வந்தால் ஆற்றோரத்தில் முதலில் முழுகுவதும் ஆலயம்தான். கூரை புதுசா இருந்து என்ன பயன்?

இதே கேள்வி நமக்கும் உண்டு. கார் நிறுத்த இடம் வேணும்னு ஆற்றங்கரையை மண் கொட்டி நிரப்புற யோசனை நிர்வாகத்தில் இருக்கு. அதுக்கும் இலாகாவிடம் கேட்டு, அளந்து, அப்புறம்தான் செய்யணும். அடுத்தவங்களுக்கு ஒரு சட்டம், நமக்கு ஒன்றுன்னு இருந்தால் நாம கேட்கிற கேள்விக்கு மரியாதை இருக்காது.

ஒவ்வொரு வருஷமும் அந்த ஆற்றங்கரையில்தான் கரகம் பாலித்து எடுத்து வர்றோம். தீ மிதிக்கிற பிள்ளைகள் அங்கேதான் குளிச்சிட்டு மஞ்சள் துணி கட்டிக்கிறாங்க. அந்தத் தண்ணி தெளிவா ஓடணும் என்பது ஆலயத்தின் காரியம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கட்டாயம் வாங்க. தலைவர் ஐயாவும் செயலாளரும் இந்த நாலு கேள்வியையும் கூட்டத்தில் வைக்கணும்னு கேட்டுக்கொள்கிறேன். உடன்படாதவங்களும் வந்து பேசுங்க.

ஓம் சக்தி.