சோதித்து வாங்குவது அவநம்பிக்கை அன்று

பெரிய குடும்பங்களுக்கு ஏழு அல்லது எட்டு இருக்கைகள் கொண்ட வாகனம் ஆடம்பரம் அன்று, அன்றாடத் தேவை. பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடவும், தீபாவளிக்குச் சொந்த ஊருக்குப் பயணப்படவும் அத்தகைய வாகனம் உதவுகிறது. புதிய வாகனத்தின் விலை கைக்கு எட்டாதபோது பழைய வாகனத்தை நாடுவது இயல்பே. மலேசியாவின் பழைய வாகனச் சந்தையில் ஹூண்டாய் கிராண்ட் ஸ்டாரெக்ஸ், கியா கார்னிவல், மிட்சுபிசி பஜெரோ ஸ்போர்ட் போன்ற டீசல் வாகனங்களைக் காணலாம். அவற்றின் இழுவிசை அதிகம். ஒரு லிட்டர் எரிபொருளில் நெடுந்தூரம் செல்பவை என்ற நற்பெயரும் அவற்றுக்கு உண்டு.

எனினும், அவற்றை வாங்கும் முறையில்தான் குறை இருக்கிறது. சந்தையில் மீன் வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்குவதில்லை. முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்காமல் கூடையில் போடுவதும் இல்லை. ஆனால், நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரிங்கிட் கொடுத்து வாகனம் வாங்கும்போது அதே மனிதர் தயங்கி நிற்கிறார். விற்பவர் நண்பரின் நண்பராக இருப்பார். அல்லது தூரத்து உறவினராக இருப்பார். “அண்ணே, இந்த வண்டியை ஒரு டாக்டர் ஓட்டினார், சொக்கத் தங்கம்!” என்று அவர் சொன்ன பிறகு, இயந்திர மூடியைத் திறந்து காட்டச் சொல்வது அவரை அவமதிப்பது போலத் தோன்றிவிடுகிறது. இந்தத் தயக்கமே பல குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது. நம்பிக்கை வேறு, சோதனை வேறு. சோதித்து வாங்குவது எவரையும் அவமதிப்பது ஆகாது; அது குடும்பத்தின் பணத்தையும் உயிரையும் மதிப்பது ஆகும்.

வாகனத்தைச் சோதிப்பதற்கு முன்னர், குடும்பம் தன் பயணப் பழக்கத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அண்மைக்கால டீசல் வாகனங்கள் பலவற்றின் புகைபோக்கிக் குழாயில் கரித்துகள் வடிகட்டி பொருத்தப்பட்டிருக்கிறது. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கரித்துகள்களை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. வாகனம் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது வடிகட்டியின் வெப்பம் ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் வரை உயர்த்தப்பட்டு, தேங்கிய கரி எரிந்துவிடும். வீட்டிலிருந்து பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், பள்ளியிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர் என்று மட்டுமே ஓடும் வாகனத்தில் அந்த வெப்பம் உண்டாவதில்லை. கரி தேங்கித் தேங்கி வடிகட்டி அடைபட்டுவிடும். அதை மாற்றுவதற்குப் பல ஆயிரம் ரிங்கிட் செலவாகும். ஆகவே, வாரந்தோறும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடும் குடும்பத்திற்குப் பொருத்தமான டீசல் வாகனம், குடியிருப்புப் பகுதிக்குள் மட்டுமே சுற்றும் குடும்பத்திற்குப் பொருந்தாமல் போகலாம்.

அடுத்து, எரிபொருள் செலவைக் கணக்கிட வேண்டும். “டீசல் மலிவு” என்ற பழைய எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கான பொதுவான உதவித்தொகை நிறுத்தப்பட்டது. அன்று ஒரு லிட்டர் டீசலின் விலை 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. சபா, சரவாக், லாபுவான் ஆகிய இடங்களில் அப்போது பழைய விலையே தொடர்ந்தது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் ஒரு வாகனம், லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் செல்வதாகக் கொள்வோம். அதற்கு 150 லிட்டர் டீசல் தேவைப்படும். பழைய விலையில் 322.50 ரிங்கிட், புதிய விலையில் 502.50 ரிங்கிட். மாதத்திற்கு 180 ரிங்கிட் கூடுதல் செலவு! தகுதி பெற்ற உரிமையாளர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை வழங்கப்படும் என்று அரசு அறிவித்திருந்தாலும், அந்தத் தகுதி தங்களுக்கு உண்டா என்பதை வாங்குவதற்கு முன்னரே ஒவ்வொரு குடும்பமும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இத்தகைய கணக்கைப் போட இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவரே போதும்.

பயணப் பழக்கமும் செலவும் பொருந்திவந்தால், வாகனத்தை நேரில் காணலாம். காலைப் பொழுதில், இயந்திரம் முற்றிலும் குளிர்ந்திருக்கும் நேரத்தில் செல்வது நல்லது. முதலில் இயந்திர மூடியின் மீது கை வைத்துப் பார்க்க வேண்டும். அது சூடாக இருந்தால், வாங்குபவர் வருவதற்கு முன்பே இயந்திரம் முடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். குளிர்ந்த நிலையில் முடுக்கும்போதுதான் டீசல் இயந்திரத்தின் உண்மையான நலம் தெரியும். நலமான இயந்திரம் விரைவில் முடுக்கம் பெறும். நெடுநேரம் திணறினால் எரிபொருளைத் தெளிக்கும் ஊசிகளிலோ, இயந்திரத்தின் அழுத்தத்திலோ பழுது இருக்கலாம்.

புகையும் பேசும். வேகத்தை முடுக்கும்போது கரும்புகை திரண்டு வந்தால், டீசல் முழுமையாக எரியவில்லை. நீலப்புகை வந்தால், இயந்திர எண்ணெய் எரிகிறது. இயந்திரம் சூடான பின்னரும் வெண்புகை நிற்காமல் வந்தால், குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறதா என்று ஐயுற வேண்டும். எண்ணெய் அளவுகோலையும் இழுத்துப் பார்க்க வேண்டும். டீசல் இயந்திரத்தில் எண்ணெய் விரைவில் கறுத்துவிடும். ஆகையால், கறுப்பு நிறம் மட்டுமே குறையாகாது. ஆனால், எண்ணெயின் அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்து டீசல் வாடையும் வீசினால், வடிகட்டியின் கரி சரியாக எரியாமல் டீசல் எண்ணெயோடு கலந்திருக்கக்கூடும். எண்ணெய் மூடியின் அடியில் தே தாரிக் நிறத்தில் பசை படிந்திருந்தால், எண்ணெயில் நீர் கலந்திருக்கக்கூடும். அத்தகைய வாகனத்தைத் தகுந்த விளக்கமின்றி வாங்கக்கூடாது.

அதுமட்டுமின்றி, பராமரிப்புப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். மலேசியாவில் விற்கப்படும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து தயாரிக்கப்படும் பயோடீசல் கலந்திருக்கிறது. பயோடீசல் பழைய கலத்தில் படிந்திருக்கும் அழுக்கைக் கரைத்து வடிகட்டிக்குக் கொண்டுவரும் தன்மை உடையது. ஈரத்தையும் எளிதில் ஈர்க்கும். எனவே, டீசல் வடிகட்டி உரிய காலத்தில் மாற்றப்பட்டதா என்பது சிறிய கேள்வி அன்று. பதிவேட்டில் உள்ள தூர அளவு, வாகனத்தின் முகப்பில் காட்டும் தூர அளவோடு ஒத்துப்போகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். முகப்பு 70,000 கிலோமீட்டர் என்று காட்டும்போது, மிதியின் இரப்பர் தேய்ந்து வழுவழுப்பாகவும், சுக்கானின் தோல் உரிந்தும் இருந்தால் அந்த எண்ணை நம்ப இயலாது. எண்ணை மாற்றிவிடலாம், தேய்மானத்தை எளிதில் மறைக்க முடியாது.

வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்களைப் பற்றியும் விழிப்பு தேவை. 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா போன்ற பகுதிகளில் எண்ணற்ற வாகனங்கள் நீரில் மூழ்கின. மூழ்கிய வாகனத்தைக் கழுவி, மெருகேற்றி, நறுமணம் தெளித்து விற்பது கடினமன்று. ஆனால், இருக்கை வாரை இறுதிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை காட்டிக்கொடுக்கும். மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியில் மணலும், இருக்கையைத் தாங்கும் இரும்பில் துருவும் தென்படலாம். மின்கம்பிகளுக்குள் புகுந்த நீர் உடனே தன் வேலையைக் காட்டாது. சில மாதங்கள் கழித்து, மழை பெய்யும் இரவில், நெடுஞ்சாலையின் நடுவில் காட்டக்கூடும். அப்போது ஆபத்துக்கு உள்ளாவது பணம் மட்டும் அன்று. வாகனத்துக்குள் இருக்கும் பிள்ளைகளும்தான்.

இவற்றையெல்லாம் ஏன் வாங்குபவர் பார்க்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். உரிமை மாற்றத்தின்போது புஸ்பாகோம் போன்ற சோதனை நிலையத்தில் வாகனம் சோதிக்கப்படுகிறதே என்பது அவர்களின் வாதம். அந்தச் சோதனை அவசியமானதே. இயந்திர எண்ணும் அடிச்சட்ட எண்ணும் பதிவோடு பொருந்துகின்றனவா, வாகனத்தின் அமைப்பு முறையாக உள்ளதா என்பவற்றை அது உறுதிப்படுத்துகிறது. ஆனால், டர்போ இன்னும் எத்தனை ஆண்டுகள் உழைக்கும், கரித்துகள் வடிகட்டி எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பவற்றைக் கூறுவது அதன் நோக்கம் அன்று. தேர்வில் தேர்ச்சி பெறுவதும் நோயின்றி இருப்பதும் வெவ்வேறு அல்லவா?

வேறு சிலர், பட்டறைக்குக் கொண்டுசெல்வது வீண்செலவு என்பர். விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு பட்டறையில் வாகனத்தை உயர்த்தி அடிப்பகுதியைப் பார்க்கவும், கணினிக் கருவியை இணைத்துப் பழுதுக் குறியீடுகளைப் படிக்கவும் ஆகும் செலவு, பின்னர் வரக்கூடிய பழுதுச் செலவோடு ஒப்பிடும்போது மிகச் சிறியது. வாகனம் பட்டறையில் முடங்கிக் கிடந்தாலும் வங்கிக்குச் செலுத்த வேண்டிய மாதத் தவணை நிற்காது என்பதை மறந்துவிடக்கூடாது. சோதனைக்கு விடமாட்டேன் என்று விற்பவர் மறுத்தால், அந்த மறுப்பே போதுமான விடை. நேர்மையாக விற்பவருக்குச் சோதனையால் இழப்பு ஏதுமில்லை. சொல்லப்போனால், அவருடைய சொல்லுக்கு அதுவே சான்றாகும்.

சட்டமும் பயனீட்டாளருக்குத் துணை நிற்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைத் தாக்கல் செய்யலாம். ஆயினும், இச்சட்டம் வணிகரிடம் வாங்கும் பொருளுக்கே பொருந்தும். தனிநபர் ஒருவர் இன்னொருவருக்குத் தம் சொந்த வாகனத்தை விற்கும்போது இந்த வழி கிடைப்பதில்லை. மேலும், வாய்ச்சொல்லை மெய்ப்பிப்பது கடினம். எனவே, விற்பவர் தரும் உறுதிமொழிகளை எழுத்தில் பெற்று, பற்றுச்சீட்டுகளோடு பத்திரப்படுத்துவது கட்டாயம். உறவினரிடம் வாங்கும்போதுதான் இந்தக் கவனம் அதிகம் தேவைப்படுகிறது. வாகனம் பழுதானால் பழுது பார்க்கலாம். அதனால் முறிந்த உறவை எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய முடியாது.

இறுதியாக, இது ஒரு குடும்பத்தின் நலனோடு முடிந்துவிடும் செய்தி அன்று. 2012ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கவல்லது என வகைப்படுத்தியது. பழுதைச் சரிசெய்ய மனமில்லாத சிலர் கரித்துகள் வடிகட்டியை அகற்றிவிட்டு வாகனத்தை விற்கின்றனர். அதை அறியாமல் வாங்கும் குடும்பம், ஒவ்வொரு நாளும் பள்ளி வாசலில் நிற்கும் பிறர் பிள்ளைகளின் மீது கரும்புகையை வீசிச் செல்கிறது. ஆகவே, வாங்குபவரின் சோதனை சமுதாயக் கடமையும் ஆகிறது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது முன்னோர் வாக்கு. டீசல் வாகனம் வேண்டவே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. நெடுந்தூரம் பயணம் செய்யும் பெரிய குடும்பத்திற்கு, நன்கு பராமரிக்கப்பட்ட டீசல் வாகனம் பல ஆண்டுகள் உழைக்கும். தேவையை அளந்து, செலவைக் கணக்கிட்டு, இயந்திரத்தைச் சோதித்து, உறுதிமொழியை எழுத்தில் பெற்று வாங்குவதே அறிவுடைமை. விற்பவரின் முகம் வாடுமே என்று ஒரு மணி நேரம் தயங்குபவர், தம் குடும்பத்தாரின் முகம் பல ஆண்டுகள் வாடும்படி செய்துவிடக்கூடாது.