ஆண்டும் மூப்பும்

மூப்பினை உலகம் ஆண்டுகளால் அளக்கின்றது. பள்ளியிற் சேர்தற்கும், வாக்களித்தற்கும், ஓய்வூதியம் பெறுதற்கும் பிறந்த நாளே கணக்கு. ஆயினும் ஒரே ஆண்டிற் பிறந்த இருவருள் ஒருவர் அறுபதிலும் ஏர் பிடிக்க, மற்றவர் ஐம்பதிலேயே கோலூன்றுதலை யாவரும் கண்டுள்ளோம். பெருந்துன்பம் ஒருவரை விரைந்து முதுமையடையச் செய்யும் என்று நம் பாட்டிமார் கூறுவர். அக்கூற்றினை அளந்து காட்டத்தக்க சான்றொன்று இக்காலத்து உயிரியலாரிடம் உண்டு. அச்சான்று குரங்கினத்தினின்று கிடைத்தது. வெள்ளத்தால் ஆண்டுதோறும் அஞ்சும் நம் ஊர்களுக்கு அது ஒரு கடமையைச் சுட்டுகின்றது என்பதே யாம் இங்குக் கூறப் புகுவது.

கரிபியக் கடலில், புவேர்ட்டோ ரீக்கோவின் கரையை ஒட்டிக் கயோ சாந்தியாகோ என்னும் சிறு தீவு உளது. 1938 ஆம் ஆண்டில் கார்ப்பென்ட்டர் என்னும் அமெரிக்க அறிஞர் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 400 ரீசஸ் குரங்குகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் அங்கு விடுத்தார். இன்று அத்தீவில் உலவும் குரங்குகள் யாவும் அவற்றின் வழித்தோன்றல்களே. அவை கூண்டில் அடைபடாமல் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. ஒவ்வொன்றின் பிறப்பும் உறவும் ஏட்டிற் பதியப்படுகின்றன. 2017 செப்டம்பர் 20 இல் மரியா என்னும் பெரும்புயல் அத்தீவின் மீது மோதிற்று. மரங்களிற் பெரும்பகுதி அழிந்தது. வெயிற்கு ஒதுங்க நிழல் அரிதாயிற்று. எனினும் பெரும்பாலான குரங்குகள் உயிர் தப்பின. தப்பியவற்றின் உடலுள் நேர்ந்தது யாது என்பதே அறிஞரின் வினா.

அதனை அறிந்த வழியை ஓர் உவமையால் விளக்குவாம். பழைய நூல்களை ஏட்டினின்று படியெடுத்த காலத்தை நினைக. மூல ஏடு ஒன்றே. அதன் எப்பகுதி எத்தனை முறை படியெடுக்கப்படும் என்பதோ இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப வேறுபடும். உடலின் உயிரணுக்களிலும் மரபணுத் தொகுதியாகிய மூல ஏடு ஏறத்தாழ ஒன்றே. கண்ணின் உயிரணுவும் ஈரலின் உயிரணுவும் வேறுபடுதல், அவை வெவ்வேறு மரபணுக்களைப் படியெடுத்தலாலேயாம். அப்படிகளுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். சிறிது இரத்தத்தினின்று அப்படிகளை எண்ணுதலே மரபணு வெளிப்பாட்டு ஆய்வு. வயது ஏற ஏறச் சில மரபணுக்களின் படிகள் மிகும், சில குறையும். ஆதலின் அவ்வெண்ணிக்கையைக் கொண்டே ஓர் உடல் எவ்வளவு முதிர்ந்துள்ளது என மதிப்பிடலாம். இதற்காக விலங்கினைக் கொல்ல வேண்டுவதில்லை.

வாட்டோவிச், ஸ்னைடர்-மேக்லர் முதலியோர் 435 குரங்குகளின் நோயெதிர்ப்பு உயிரணுக்களை இவ்வாறு ஆராய்ந்து, 2022 இல் முடிவினை வெளியிட்டனர். புயலுக்கு முன் இரத்தம் எடுக்கப்பட்ட குரங்குகளினும், புயலுக்குப் பின் எடுக்கப்பட்டவை சராசரியாக ஏறத்தாழ 2 ஆண்டு மிகுதியாக முதிர்ந்திருந்தன. மனித வாழ்நாளில் அது 7 அல்லது 8 ஆண்டுகளுக்கு ஒப்பாகும். புரதங்களை உருக்குலையாமற் காக்கும் மரபணுக்களின் வேலை, முதுமையிற் குறைதல் போலவே புயலுக்குப் பின்னும் குறைந்திருந்தது.

இனி நம் பக்கம் திரும்புவோம். திருநின்றவூர், பூசலார் தம் மனத்துள்ளே கோயில் எடுத்ததாகப் பெரியபுராணம் கூறும் ஊர். உள்ளே எழுந்த அக்கோயிலைப் பிறர் கண்டிலர். உள்ளே இடிவதையும் பிறர் காண்பதில்லை. 2021 நவம்பர் மழையில் அவ்வூர் ஏரி நிரம்பி அயலிலுள்ள வீடுகளில் நீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் புறநகரையும் வருத்திற்று. இத்தகைய காலங்களில் சேதக் கணக்கு எடுக்கப்படுகின்றது. இடிந்த சுவர், இறந்த ஆடுமாடு, நனைந்த அரிசி எல்லாம் அதில் இடம்பெறும். கழுத்தளவு நீரில் தூக்கிச் செல்லப்பட்ட முதியோரின் உடலுள் நேர்ந்த சேதமோ எக்கணக்கிலும் வருவதில்லை. நீர் வடிந்ததும் துயரும் வடிந்ததென்று எண்ணிவிடுகின்றோம்.

குரங்கு வேறு, மனிதர் வேறு என்று சிலர் மறுக்கலாம். அது மெய்யே. ஆயினும் 2007 இல் வெளியான மரபுத்தொகுதி ஒப்பீட்டின்படி இரண்டிற்கும் 93 விழுக்காடு ஒற்றுமை உண்டு. அன்றியும், மனிதரை ஆராயின் புகை, மது, வறுமை, மருத்துவ வசதி ஆகியன இடைபுகுந்து காரணத்தை மறைக்கும். குரங்கிடம் அத்தடைகள் இல்லை. இம்முடிவு சராசரியே என்பதையும் மறைக்கவொண்ணாது. எல்லாக் குரங்குகளும் ஒரே அளவில் முதிர்ந்தில, சில தாங்கின. அதனாலேயே யாம் நம்பிக்கை கொள்கின்றோம். அத்தீவைப்பற்றி 2024 இல் வெளியான மற்றோர் ஆய்வு, புயலுக்குப் பின் எஞ்சிய நிழலில் பிறரை அடுத்திருக்கப் பொறுத்துக்கொண்ட குரங்குகளே மிகுதியாகப் பிழைத்தன என்று காட்டுகின்றது.

ஆகவே யாம் வேண்டுவன இவை. வெள்ளத்திற்குப் பின் முதியோரை ஒரு நாள் மருத்துவ முகாமோடு விட்டுவிடாது, ஓராண்டளவேனும் திங்கள்தோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தல் வேண்டும். தனித்து வாழ்வோரின் பெயர்ப்பட்டியல் மழைக்கு முன்னரே ஒவ்வொரு தெருவிலும் இருத்தல் வேண்டும். ஏரிக் கால்வாய்களைக் கோடையிலேயே தூர்வாருதல் வேண்டும். முதலிரண்டிற்கும் பெரும்பொருள் வேண்டா. நடக்கக் காலும் கேட்கச் செவியும் போதும். நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவருட் பலர் அப்பகுதியினின்றே மின்சார இரயிலில் வருகின்றனர். அவர்கள் தத்தம் தெருவின் பட்டியலை வரும் ஐப்பசிக்கு முன் எழுதி முடிப்பராயின், அதுவே தக்க தொடக்கமாகும்.