யுத்தம் தலைவிதியல்ல!

"தொழிலாளர் பத்திரிகையில் ஓர் அமெரிக்க சினிமாவுக்கு என்ன வேலை?" என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வேலை இருக்கிறது. யுத்தத்தை எதிர்த்து எழுந்த பெரிய நாவல் ஒன்றைத் திறமையாகப் படமாக்கியவர்கள், அதில் தொழிலாளியின் கை தெரிகிற இடத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டார்கள். அந்த இடம் எது, அது போனதால் என்ன போயிற்று என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நாவலின் பெயர் 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்'. அதாவது, ஐந்தாம் நம்பர் கசாப்புக்கூடம். எழுதியவர் கர்ட் வானெகட் என்ற அமெரிக்கர். 1969-ல், வியட்நாம் மீது அமெரிக்கக் குண்டுகள் மழையாய்ப் பொழிந்துகொண்டிருந்த காலத்தில் வெளிவந்தது. மறு ஆண்டே சோவியத் நாட்டின் 'நோவி மிர்' சஞ்சிகை அதை ருஷ்ய மொழியில் வெளியிட்டது. அமெரிக்காவிலோ, 1973-ல் வட டகோட்டா மாநிலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இந்தப் புத்தகத்தின் பிரதிகளை அடுப்பில் போட்டுக் கொளுத்தினார்கள்!

கண்டவர் சொன்ன கதை

வானெகட் கற்பனையில் யுத்தம் கண்டவரல்ல. 1944 டிசம்பரில், 22 வயதுச் சிப்பாயாக, ஜெர்மானியரிடம் பிடிபட்டார். டிரெஸ்டன் நகரில் ஒரு கசாப்புக்கூடத்தில் அடைத்து வைத்தார்கள். பகலில் கர்ப்பிணிகளுக்கான சத்துப் பாகு தயாரிக்கும் ஆலையில் வேலை.

1945 பிப்ரவரி 13 இரவு 700-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் விமானங்கள் இரண்டு அலைகளாக வந்தன. மறுநாள் பகலில் அமெரிக்க விமானங்கள் தொடர்ந்தன. முதலில் கூரையையும் ஜன்னலையும் உடைக்கும் குண்டுகள். பிறகு உடைந்த வீட்டுக்குள் நெருப்பு வைக்கும் குண்டுகள். தீ ஒன்றுசேர்ந்து புயலாயிற்று. நிலவறைகளில் ஒளிந்த ஜனங்கள் மூச்சுத் திணறி மாண்டார்கள். கசாப்புக்கூடத்தின் அடியில் இறைச்சி வைக்கும் குளிர் அறையில் இருந்ததால் கைதிகள் பிழைத்தார்கள். அடுத்து அவர்களுக்குக் கிடைத்த வேலை, பிணங்களைத் தோண்டி எடுப்பது.

இங்கே ஒரு கணக்கைத் திருத்திக்கொள்வோம். நாவல் செத்தவர்கள் 1,35,000 பேர் என்கிறது. அன்று அச்சில் இருந்த கணக்கு அது. டிரெஸ்டன் நகரம் அமைத்த சரித்திர ஆசிரியர் குழு 2010-ல் தந்த முடிவின்படி, அதிகபட்சம் 25,000 பேர். ஊதிப் பெருக்கிய கணக்கைத் தூக்கிக்கொண்டு இன்றைய நாஜி வாரிசுகள் ஹிட்லரின் பாவத்தைக் கழுவப் பார்க்கிறார்கள். அந்த யுத்தத்தை மூட்டியது பாசிசம். இதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் 25,000 பேர் என்பதும் சின்னக் கணக்கல்ல. ஹிட்லர் செய்த குற்றத்துக்கு நிலவறையில் வெந்த குழந்தை பொறுப்பாளியும் அல்ல.

படம் காப்பாற்றிய வாக்கு

நாவலின் நாயகன் பில்லி பில்கிரிம் காலத்தின் பிடியிலிருந்து நழுவிப் போனவன். இந்த நிமிஷம் 1944-ன் பனியில் கைதியாக நடப்பான்; அடுத்த நிமிஷம் அமெரிக்காவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்த நடுவயதுக்காரன். இடையே டிரால்ஃபமடோர் என்ற கிரகத்தார் அவனைத் தூக்கிப்போய்க் கண்ணாடிக் கூண்டில் காட்சிப்பொருளாக வைக்கிறார்கள். கேட்க விளையாட்டாக இருக்கும். ஆனால் யுத்தத்துக்குப் போய் வந்தவன் மனம் அப்படித்தான் ஓடும். வீட்டுக்கு வந்துவிட்டான், யுத்தம் அவனை விட்டபாடில்லை.

இதை ஜார்ஜ் ராய் ஹில் 1972-ல் படமாக்கினார். கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசு கிடைத்தது. பழைய டிரெஸ்டன்தான் எரிந்துபோயிற்றே! அதனால் பிராக் நகர வீதிகளில் படம் பிடித்தார்கள். செக் நாட்டு ஒளிப்பதிவாளர் மிரோஸ்லாவ் ஓந்த்ரிசெக்கின் கைவண்ணம். கைதிகள் நகருக்குள் நடந்து வரும் காட்சியில் சிலைகளும் கோபுரங்களும் தெருப் பிள்ளைகளும் கண்ணுக்கு விருந்தாகின்றன. இவ்வளவும் சாம்பலாகப் போகிறதே என்று நம் வயிறு கலங்குகிறது.

படத்தொகுப்பாளர் டீடி ஆலன் என்ற பெண்மணிக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். மனைவியை இழந்த பில்லி தன் வீட்டு மாடிப்படியில் ஏறுகிறான். அதே அடி, அதே மூச்சு, நிலவறைப் படியில் ஏறி எரிந்த நகரத்தைப் பார்க்க வருகிறான். காலம் தாவுவதை விளக்க ஒரு வார்த்தை பேச்சு இல்லை.

இன்னொன்றும் உண்டு. நாவலின் முதல் அத்தியாயத்தில், வானெகட்டின் யுத்தகாலச் சிநேகிதரின் மனைவி மேரி ஓஹேர் அவர்மேல் சீறி விழுகிறாள். நீங்கள் அப்போது பிள்ளைகள். ஆனால் ஆண்சிங்கங்கள் மாதிரி எழுதுவீர்கள், சினிமாவில் ஜான் வெய்ன் போன்ற நட்சத்திரங்கள் நடிப்பார்கள், யுத்தம் அழகாகத் தோன்றும், இன்னும் யுத்தங்கள் வரும், அதில் நம் பிள்ளைகள் சாவார்கள் என்பது அவள் கோபம். அப்படி ஆகாது என்று அவர் வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கைப் படம் காப்பாற்றியிருக்கிறது. பில்லியாக நடித்த மைக்கேல் சாக்ஸ், திரைக்கே புதிய இளைஞர். வீரம் இல்லை, வாள்வீச்சு இல்லை. பயந்து குளிரில் நடுங்கும் ஒரு பிள்ளை. இத்தனை சிறப்புகளுக்காக நாம் படத்தைப் பாராட்டுகிறோம். வானெகட்டும் மனமாரப் பாராட்டினார்.

கத்தரி விழுந்த இடம்

ஆசிரியரே பாராட்டிய படத்தில் நாம் குறை சொல்வதா? சொல்லத்தான் வேண்டும்.

நாவலில் ஓர் இரவு பில்லி டெலிவிஷனில் ஒரு யுத்தப் படத்தைப் பார்க்கிறான். காலம் தடுமாறியவன் அல்லவா? படம் அவனுக்குப் பின்னோக்கி ஓடுகிறது. விமானங்கள் எரிகிற நகரத்தின் மேல் வந்து தீயைச் சுருட்டி, இரும்புக் கூடுகளில் அடைத்து, வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கின்றன. குண்டுகள் கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்புகின்றன. அங்கே ஆலைகள் இரவு பகலாக ஓடுகின்றன. எதற்கு? குண்டுகளைப் பிரித்துப்போட! அந்த வேலையைச் செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். பிரித்தெடுத்த தாதுக்களைத் தூர தேசத்துக்கு அனுப்புகிறார்கள். இனி யாருக்கும் தீங்கு வராதபடி அங்கே மண்ணுக்குள் புதைத்து விடுகிறார்கள்.

ஸ்பின்னிங் மில் தோழருக்கு இது உடனே விளங்கும். கதிரில் சுற்றிய நூல் பின்னோக்கி ஓடிச் சிலைவராகி, பேல் பஞ்சாகி, கடைசியில் காட்டில் செடியில் போய் ஒட்டிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். வழியெல்லாம் எத்தனை கைகள் தெரியும்! குண்டுக்கும் அப்படித்தான். அது வானத்திலிருந்து வந்ததல்ல. சுரங்கத்தில் ஒருவன் வெட்டினான், உலையில் ஒருவன் உருக்கினான், மிஷினில் ஒருத்தி திருகினாள், எவனோ லாபம் எண்ணினான். முன்னோக்கி ஓடும் படத்தில் குண்டு விழுவது மட்டும் தெரியும். பின்னோக்கி ஓட்டினால்தான் இந்தச் சங்கிலி கண்ணில் படும்.

இந்தக் காட்சி படத்தில் இல்லை. எடுப்பது கஷ்டமா? சினிமாவுக்கு இதைவிடச் சுலபமானது கிடையாது! 1924-லேயே சோவியத் கலைஞர் ஜிகா வெர்தோவ் 'கினோ கண்' படத்தில் இதைச் செய்து காட்டினார். கடையில் தொங்கும் இறைச்சி கசாப்புக்கூடத்துக்குத் திரும்புகிறது, தோல் போர்த்துக்கொள்கிறது, மாடு எழுந்து நிற்கிறது. ரொட்டி மாவாகி, தானியமாகி, வயலுக்குப் போகிறது. உழைப்பைக் கண்ணுக்குக் காட்டவே அவர் படச்சுருளைத் திருப்பி ஓட்டினார்.

இன்னொரு வெட்டும் விழுந்தது. முதல் அத்தியாயத்தோடு, "நான்" என்று பேசும் ஆசிரியரே படத்திலிருந்து மறைந்துபோனார். அந்த அத்தியாயத்தில் அவர் தம் புதல்வர்களுக்கு இட்ட கட்டளை உண்டு. படுகொலையில் பங்கெடுக்காதே, படுகொலைக் கருவி செய்யும் கம்பெனியில் வேலைக்குப் போகாதே, அந்தக் கருவி தேவை என்பவனை மதிக்காதே. அதுவும் அவரோடு போயிற்று.

மிஞ்சியது என்ன? டிரால்ஃபமடோர் கிரகத்தார் உபதேசம்தான். நடப்பதெல்லாம் முன்பே நடந்து முடிந்தது, யுத்தத்தை யாராலும் தடுக்க முடியாது, நல்ல நிமிஷங்களை மட்டும் பார்த்துக்கொண்டிரு என்பதே அவர்கள் ஞானம். நாவலில் அந்தப் பேச்சுக்கு எதிரே புதல்வர்களுக்குச் சொன்ன சொல் நிற்கிறது. சிதைந்த டிரெஸ்டனில் ஒரு பறவையின் கேள்வியோடு கதை முடிகிறது. படமோ, கண்ணாடிக் கூண்டில் பில்லிக்குப் பிள்ளை பிறந்து கைதட்டலும் வாணவேடிக்கையுமாக முடிகிறது. யுத்தம் நடந்துகொண்டே இருக்கட்டும், கூண்டுக்குள் சுகமாய் இரு என்ற எண்ணத்தோடு ஜனங்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.

இந்த ஞானம் நமக்குப் புதிதா? கூலி கேட்டுப் போன விவசாயத் தொழிலாளிக்கு "எல்லாம் உன் தலையெழுத்து" என்று பண்ணையார் சொன்னதும் இதுதானே!

திருப்பி ஓட்டும் கைகள்

"வயிற்றுக்காக வேலை செய்கிறவன், இந்தக் கருவி செய்ய மாட்டேன் என்று சொல்ல முடியுமா?" என்று ஒரு தோழர் கேட்பார். நியாயமான கேள்வி. வானெகட் இதற்குப் பதில் சொல்லவில்லை. தனி ஆளாய்ச் சொன்னால் வேலை போகும்; உண்மை. சங்கமாய் நின்று சொன்னவர்கள் உண்டு.

1973 செப்டம்பர் 11 அன்று சிலி நாட்டில், ஜனங்கள் தேர்ந்தெடுத்த அலெண்டேயின் மாளிகை மீது ராணுவ விமானங்கள் குண்டு வீசின. அந்த ரக விமானங்களின் எஞ்சின்கள் மறு ஆண்டு ஸ்காட்லாந்தில் ஈஸ்ட் கில்பிரைடு என்ற ஊரின் ரோல்ஸ் ராய்ஸ் தொழிற்சாலைக்குப் பழுது பார்க்க வந்தன. தொழிலாளர்கள் தொட மறுத்தார்கள். எஞ்சின்கள் ஆண்டுக்கணக்கில் வெளியே வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 2018-ல் வந்த 'நே பசரான்' என்ற ஆவணப்படம் அந்தக் கிழத் தொழிலாளர்களைத் தேடிப்போய் இந்தக் கதையைச் சொல்கிறது.

பில்லி டெலிவிஷனில் கண்ட கனவின் ஒரு துண்டை அவர்கள் பகல் வெளிச்சத்தில் செய்து காட்டினார்கள். எந்தக் கிரகத்தாரும் வந்து உதவவில்லை.

இந்த நாவலை மீண்டும் படமாக்கும் ஆசையை 2013-ல் கில்லர்மோ தெல் தோரோ என்ற மெக்சிக இயக்குநர் வெளியிட்டார். அவரோ, வேறு எவரோ, என்றைக்கு எடுத்தாலும் சரி. நாம் கேட்பது ஒன்றுதான்: படச்சுருளைத் திருப்பி ஓட்டுங்கள். குண்டு செய்த கைகளை எங்களுக்குக் காட்டுங்கள். அவை யாருடைய கைகள் என்று நாங்கள் கண்டுகொள்வோம். செய்த கைக்குச் செய்ய மறுக்கவும் தெரியும்!