பைலுக்குப் பெயர் தமிழிலேயே இருக்கட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குப் பலரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. "பைல் பெயரை ஆங்கிலத்தில் வையுங்கள், தமிழில் வைத்தால் பிரச்னை வரும்" என்பார்கள். இந்த அறிவுரைக்குக் காலம் கடந்துவிட்டது என்பது என் கருத்து.

ஒரு காலத்தில் அது சரிதான். தமிழக அரசு 1999ல் டாம், டாப் என இரு குறியீட்டு முறைகளை அறிவித்தது. இவை தவிர வேறு முறைகளும் புழக்கத்தில் இருந்தன. அந்த எழுத்துருக்களில் டைப் செய்த பெயர், பைல் பட்டியலில் புரியாத ஐரோப்பிய எழுத்துகளாகத்தான் தெரியும். விண்டோஸ் 2000 தொகுப்பில் யூனிகோட் தமிழ் வந்தது. 2010ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்று தமிழ்ப் பெயரை விண்டோஸ் தாராளமாக ஏற்கும்.

அது ஏற்க மறுப்பது இந்த ஒன்பது குறியீடுகளைத்தான்: \ / : * ? " < > |. டாஸ் காலத்திலிருந்தே இவற்றுக்கு வேறு வேலைகள் தரப்பட்டுள்ளன. முக்காற்புள்ளி டிரைவ் எழுத்தை அடுத்து வரும். நட்சத்திரமும் கேள்விக்குறியும் பைல்களைத் தேடப் பயன்படும். நமக்கு அதிகம் தொல்லை தருவது சாய்கோடு. பட்டாவில் சர்வே எண் 123/2 என்றிருக்கும்; கதவு எண் 45/21 என்றிருக்கும். பைல் பெயரில் அதற்குப் பதிலாகச் சிறுகோடு போடுங்கள். தேதியை 2025-08-15 என ஆண்டை முதலில் வைத்து எழுதினால், பைல்கள் தாமாகவே வரிசையாக நிற்கும்.

பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர், திருவொற்றியூர் பகுதி வீடுகளில் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்தது. அப்படி ஒரு நாளில் காகிதம் போனால், கை கொடுப்பது ஸ்கேன் செய்த பிரதிதான். அது "ஸ்கேன்0001" என்ற பெயரில் நூறு பைல்களுக்கு நடுவே இருந்தால், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அம்மா எப்படிக் கண்டுபிடிப்பார்? "வீட்டுப் பட்டா 123-2" என்றிருந்தால் உடனே எடுத்துவிடுவார். பைலைத் தேர்ந்தெடுத்து எப்2 கீயை அழுத்திப் பெயரை மாற்ற அரை நிமிடம் போதும். புள்ளிக்குப் பின்னால் வரும் பிடிஎப், ஜேபிஜி போன்ற எழுத்துகளை மட்டும் தொடாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். "கொ" என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். அதனால் ஒரே போல்டரில் ஒரே பெயர் கொண்ட இரு பைல்கள் இருப்பதுபோல் தெரியக்கூடும். அப்போது பெயரை முழுவதும் அழித்து மீண்டும் டைப் செய்யுங்கள். அடுத்து, விண்ணப்பங்களைப் பெறும் சில இணையதளங்கள் தமிழ்ப் பெயரை ஏற்பதில்லை. அங்கு அனுப்ப மட்டும் ஆங்கிலப் பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இணையதளங்கள் மாற வேண்டும். அவற்றுக்காக நம் வீட்டுப் பைல்கள் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாற வேண்டியதில்லை.