ஜெனரேட்டர் ஓடியும் ஆஸ்பத்திரி இருட்டாவது ஏன்? ஒரே பைப்பில் திணிக்கப்படும் ஒயர்கள்

திருவண்ணாமலை:

2024-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி இரவு. விடிந்தால் மகாதீபம் என்பதால் ரமணாசிரமம், செங்கம் ரோடு பகுதியெல்லாம் திருவிழா பரபரப்பில் இருந்தது. அதே இரவில்தான் திண்டுக்கல்லில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று தீப்பிடித்தது. குழந்தை உள்பட 6 பேர் பலியானார்கள். புகையில் மூச்சுத்திணறி லிப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை தீயணைப்பு வீரர்கள் வெளியே தூக்கி வந்தனர். மின்கசிவு என்று முதல்கட்ட விசாரணையில் கூறப்பட்டது.

எந்த தீ விபத்து என்றாலும் 'மின்கசிவு' என்ற ஒரே வார்த்தையில் விஷயம் முடிந்து விடுகிறது. கசிந்த பிறகு ஆஸ்பத்திரிக்குள் எந்த ஒயர் உயிரோடு இருந்தது, எது செத்தது என்று யாரும் கேட்பதில்லை.

பவுர்ணமிக்கு பவுர்ணமி லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் ஊர் இது. நடந்து களைத்து மயங்கி விழுபவரை பக்கத்தில் இருக்கிற கிளினிக்குக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆசிரமத்தை ஒட்டி தங்கியிருப்பவர்களில் வயதானவர்களும் வெளிநாட்டவரும் அதிகம். இவர்கள் படுக்கும் இடத்தில் கரண்ட் எப்படி வருகிறது என்பது ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உள்ள கவலைதான்.

'ஜெனரேட்டர்தான் இருக்குல்ல, அப்புறம் என்ன பயம்?' என்பார்கள். 2019 மே மாதம் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் மழைக்காற்றில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கைகொடுக்காமல் வெண்டிலேட்டர் நின்று நோயாளிகள் இறந்ததாக உறவினர்கள் புகார் கூறினர். கரண்ட் தடையால் யாரும் இறக்கவில்லை என்று நிர்வாகம் மறுத்தது. சரி, ஜெனரேட்டர் ஒழுங்காக ஓடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த கரண்ட் ஐ.சி.யு. வரை போய்ச் சேர வழி இருக்கிறதா?

பவுர்ணமி அன்று செங்கம் ரோட்டில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? வண்டியும் இருக்கும், டிரைவரும் இருப்பார், ஆனால் நகர முடியாது. ஒயரிங்கிலும் அதே கதைதான். ராத்திரி பகலாக ஓடும் ஏ.சி.யின் ஒயரும், அவசர விளக்கு, தீ அலாரம், ஐ.சி.யு. ஒயர்களும் ஒரே பைப்பில் போனால், லூஸ் கனெக்ஷனில் ஏ.சி. ஒயர் சூடாகி எரியும்போது மற்றதும் சேர்ந்தே கருகும். கீழே ஜெனரேட்டர் 'தடதட'வென்று ஓடும், மேலே கும்மிருட்டு. வெண்டிலேட்டரில் உள்ள பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதன்பிறகு நர்சு கையால் பையை அமுக்கி அமுக்கித்தான் மூச்சு கொடுக்க வேண்டும்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. தீயணைப்பு பம்பு, லிப்ட், மாடிப்படி விளக்கு, நடைபாதை விளக்கு ஆகியவற்றுக்கு மெயின் பேனலில் இருந்தே தனி லைன் எடுத்து, தனி பைப்பில் கொண்டுபோக வேண்டும். ஒன்று எரிந்தால் மற்றது பாதிக்கக்கூடாது என்று தேசிய கட்டிட விதித்தொகுப்பு சொல்கிறது.

கடையில் கேட்டால் 'எப்.ஆர்.எல்.எஸ். ஒயர் சார், தீப்பிடிக்காது' என்று சொல்லி விற்பார்கள். இது பாதி உண்மை. அந்த ஒயரில் தீ மெதுவாகப் பரவும், புகை குறைவு, அவ்வளவுதான். சுற்றிலும் நெருப்பு எரியும்போதும் கரண்ட் கடத்த வேண்டும் என்றால் மைக்கா டேப் சுற்றிய, தீயைத் தாங்கும் கேபிள் வேண்டும். விலை அதிகம். கட்டிடம் முழுக்க அதைப் போடத் தேவையில்லை, உயிர் காக்கும் லைன்களுக்கு போட்டால் போதும்.

கோளாறு பெரும்பாலும் திறப்பு விழா முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. முதலில் 10 படுக்கை, அப்புறம் ஒரு ஸ்கேன் மெஷின், அதற்கொரு ஏ.சி. 'இருக்கிற பைப்புலயே இழுத்து விடுப்பா' என்று ஓனர் சொல்வார். நாள் சம்பளத்துக்கு வந்த எலக்ட்ரீசியன் என்ன செய்வார், இழுத்து விடுவார். சான்றிதழில் இருக்கும் ஒயரிங் ஒன்று, சுவருக்குள் இருப்பது வேறொன்று.

இழுத்த கையோடு தரையில் போட்ட ஓட்டையையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். 2011 டிசம்பரில் கொல்கத்தா ஆம்ரி ஆஸ்பத்திரியில் தீ பிடித்தது அடித்தளத்தில், சுமார் 90 பேர் இறந்தது மாடிகளில் ஏறிய புகையால். ஒயர் போகும் ஓட்டையை ஒவ்வொரு மாடியிலும் தீ தாங்கும் கலவை வைத்து அடைக்க வேண்டும் என்பதும் அதே விதித்தொகுப்பில்தான் இருக்கிறது. கொத்தனாருக்கு அரை நாள் வேலை.